நான் படிக்காத இரண்டாம் பக்கம்

சென்ற ஐப்பசியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘நான் கண்ட தீபாவளி’ என்று ஒரு கட்டுரை கொடுத்தேன். முப்பத்தொரு கட்டுரைகள் வந்தன. முக்கால்வாசிக் கட்டுரைகள் ‘தீபாவளி என்பது வெறும் பண்டிகை அல்ல, அது ஒளியின் வெற்றி’ என்று ஆரம்பித்தன. கமாகூட இடம் மாறவில்லை. ஏழெட்டுப் பேர் முடிவில், ‘காற்று மாசைக் குறைக்கப் பட்டாசைத் தவிர்ப்போம்’ என்று உறுதிமொழியே எடுத்திருந்தார்கள்.

எங்கள் பள்ளிக்கூடம் சிவகாசியிலிருந்து எம். புதுப்பட்டி போகிற பக்கம் இருக்கிறது. காலையில் நான் பேருந்தை விட்டு இறங்குவதற்கு முன்பே பட்டாசு ஆபீஸ் வேன்கள் ஆள் ஏற்றிக்கொண்டு போயிருக்கும். தொழிற்சாலை என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான். அந்த வேனில் ஏறாத அப்பா அம்மா என் வகுப்பில் நாலைந்து பேருக்குத்தான் உண்டு. எனக்குச் சுள்ளென்று வந்தது. உறுதிமொழி எடுத்தவர்களில் ஒருவனை எழுப்பினேன்.

“ஏலே, ஒங்க அம்மா எங்க வேலைக்குப் போறாக?”

“பட்டாசு ஆபீஸுக்கு டீச்சர்.”

“அப்பா?”

“அவுகளும் அங்கனதான்.”

“அப்ப பட்டாசத் தவிர்த்துட்டு என்னத்தத் திங்கப் போற?”

அவன் நிஜமாகவே யோசித்தான். பிறகு, “நா சொல்லல டீச்சர், போன்தான் சொல்லுச்சு. நா பாத்து எழுதுனேன், அம்புட்டுதான்” என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வீட்டுச் சோற்றுக்கு எதிராகத் தானே ஒரு பக்கம் எழுதியிருக்கிறோம் என்பதுகூடத் தெரியாமல் ஒரு பிள்ளை அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக்கொண்டு வந்தால் நான் எதைத் திருத்துவது?

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பட்டாசு ஆபீஸுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் வீட்டிலிருக்கும் ஒரே போன் பகல் முழுக்கப் பிள்ளைகள் கையில்தான். கேட்டதையெல்லாம் எழுதித் தருகிற ஒன்று அதற்குள் உட்கார்ந்திருக்கும்போது, எந்தப் பிள்ளை உட்கார்ந்து யோசிக்கும்? நானாக இருந்தாலும் யோசித்திருக்க மாட்டேன். இதைக் கோபத்தில்தான் சொன்னேன். பின்னால் உண்மையாகிப் போனது.

அந்தக் கட்டுக்குள் ஒரு கட்டுரை மட்டும் அரைப்பக்கம் இருந்தது. ‘தீபாவளி அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் தூங்குவோம். சீசன் முடிந்து அம்மாவும் அப்பாவும் அன்றைக்குத்தான் முழுசாகத் தூங்குவார்கள். நான் கறிக்குழம்பு வைத்துவிட்டு அவர்களை எழுப்பாமல் இருப்பேன்’ என்று எழுதியிருந்தாள், மூன்றாம் பெஞ்சில் சுவரோரம் உட்காரும் ஒரு பிள்ளை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘அளவு போதாது’ என்று எழுதிப் பத்துக்கு நாலு போட்டேன். ஒளியின் வெற்றிக்காரர்களுக்கு ஏழு. அளவு இருந்தது, முன்னுரை முடிவுரை இருந்தது, மதிப்பெண் அட்டவணை அப்படித்தான் சொல்கிறது. இனிச் சொல்லப்போவது அந்தப் பிள்ளையைப் பற்றி.

அந்த மாதமே விருதுநகரில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். செயற்கை நுண்ணறிவு ஆசிரியரின் தோழன் என்று பேனர். பயிற்சி கொடுக்க வந்தவர் கேள்வித்தாள், பாடக்குறிப்பு எல்லாவற்றையும் கண்மூடித் திறப்பதற்குள் வரவழைத்துக் காட்டினார். “உங்க சுமை பாதியாகக் குறையும் மேடம்” என்றார். பிள்ளைகள் அதிலேயே எழுதிக்கொண்டு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். கண்டுபிடிக்க வேண்டாமாம், கேள்வியை மாற்ற வேண்டுமாம், சொந்த அனுபவத்தைக் கேட்க வேண்டுமாம். “நான் கண்ட தீபாவளின்னுதானே கேட்டேன், அது பக்கத்து வீட்டு அனுபவமா?” என்றேன். அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். மத்தியானம் தக்காளி சாதம் போட்டு, ஆளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள்.

திரும்பி வந்ததும் கணக்கு டீச்சர் என் போனை வாங்கி அந்தச் செயலியை ஏற்றிக் கொடுத்தார். அவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். “நீங்க சும்மா பிள்ளைகளோட மல்லுக்கட்டாதீக டீச்சர். நீங்களும் ஒரு தடவ தொட்டுப் பாருங்க” என்றார். தொட மாட்டேன் என்று சொன்னேன். ஆறு மாதம் தொடவும் இல்லை. அந்த ஆறு மாதமும் வாரம் தவறாமல் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். படிக்காமல் எழுதிக்கொண்டு வராதே, என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவையாவது வாசித்துப் பார், உன் பெயரைப் போடுகிறாயே வெட்கமாயில்லையா என்று தொண்டை கட்டும் வரைக்கும் கத்தினேன்.

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. சுவரோரப் பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசை. சிவகாசியில் அச்சுத் தொழில் செய்யும் ஒரு குடும்பம் நடத்துகிற அறக்கட்டளை, ஆண்டுதோறும் சில பெண் பிள்ளைகளை விருதுநகரில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்கிறது. பன்னிரண்டு முடித்து, நர்சிங் வரைக்கும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அதற்கு வகுப்பாசிரியர், அதாவது நான், ஒரு பரிந்துரைக் கடிதம் தர வேண்டும், அதுவும் இரண்டு பக்கத்துக்குக் குறையாமல். இரண்டு பக்கம் எதற்கு என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. வரதட்சணை பேசுவதுகூட இவ்வளவு நீளம் போகாது.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் காலையில் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, மதியத்துக்குள் அந்தப் பிள்ளைக்குக் கடிதம் வேண்டும் என்றார். மாற்றுச் சான்றிதழ் வாங்க வெளியே பெற்றோர் நின்றார்கள். இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள் பாதியில் நின்றன. நான் பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தேன். ‘சிவகாசி அருகே பட்டாசுத் தொழிலாளியின் மகள். ஏழை. நன்றாகப் படிப்பாள். நர்ஸ் ஆக ஆசை. உதவி கேட்டு இரண்டு பக்கக் கடிதம்’ என்று தட்டினேன். வந்தது. முதல் பக்கத்தை வாசித்தேன். என் தமிழைவிடப் பகட்டாகத்தான் இருந்தது, ஆனால் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைமையாசிரியர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தை நான் வாசிக்கவில்லை. பள்ளித் தாளில் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஒரு நகலைப் பிள்ளையிடம் கொடுத்தேன். அவள் “தேங்க்ஸ் டீச்சர்” என்று சொல்லி அதை பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு போனாள்.

பத்து நாள் கழித்து அவள் அம்மா வந்தார். வேலை நாள், பத்து மணி. வேனையும் அன்றைய கூலியையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அதே பிளாஸ்டிக் கவர் கையில் இருந்தது. உட்காரச் சொன்னேன், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“டீச்சர், தப்பா நெனைக்கப்படாது. நல்லாத்தான் எழுதிருக்கீக. ஆனா ரெண்டாவது தாள்ல எங்க வீட்டுக்காரரக் கொன்னுபுட்டீகளே.”

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் பக்கம், மூன்றாவது வரி. ‘பட்டாசு ஆலை வெடி விபத்தில் தன் அன்புத் தந்தையைப் பறிகொடுத்த பின்னும், கண்ணீரைப் படிக்கட்டாக்கி இம்மாணவி கல்வியில் சிகரம் தொட்டுள்ளார்.’ கீழே என் கையெழுத்து, நீல மையில், ரொம்பத் தெளிவாக.

வேறு எந்த ஊராக இருந்தாலும் இதை ஒரு கிறுக்குத்தனம் என்று சிரித்துக் கழித்துவிடலாம். இங்கே ஏதாவது ஒரு திசையில் சத்தம் கேட்டால் என் வகுப்பு முழுக்க எழுந்து நிற்கும். எந்தப் பக்கம் புகை வருகிறது என்று பார்த்து, அவனவன் அம்மா வேலை பார்க்கும் திசையா இல்லையா என்று தெரிந்த பிறகுதான் உட்காருவார்கள். இரண்டு தடவை பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பயத்தை ஒரு மெஷின் எங்கிருந்தோ பொறுக்கியெடுத்து அலங்காரமாக எழுதியிருக்கிறது. நான் முத்திரை குத்தியிருக்கிறேன்.

“மன்னிச்சுக்கோங்கம்மா. நான் பாக்காம விட்டுட்டேன்” என்றேன். வேறென்ன சொல்வது?

“மக சத்தமா வாசிச்சுக் காட்டுனா டீச்சர். அவுக சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக. அந்த எடம் வந்ததும் பிள்ள நிறுத்திட்டா. அவுகதான் ‘வாசி, வாசி’ன்னாக. முழுசாக் கேட்டுட்டு, கையக் கழுவிட்டு வெளிய போயிட்டாக.”

“கண்டிப்பா மாத்திருவோம்மா. இன்னைக்கே நான் போய்…”

“அதுக்குத்தான் வந்தேன். அவுக மாத்தக் கூடாதுங்காக.”

எனக்குப் புரியவில்லை. அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். அறக்கட்டளையிலிருந்து போன் வந்ததாம். பிள்ளையையும் அம்மாவையும் வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். கடிதத்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பிள்ளையின் அப்பா நினைத்துக்கொண்டார். அப்பா இல்லாத பிள்ளைக்குத்தான் முதலில் கொடுப்பார்கள், நான் இல்லாமலே இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

“வெள்ளிக்கிழம பூ வைக்காமப் போ, பொட்டு வைக்காமப் போ, தாலிய உள்ள போட்டுக்கிட்டுப் போங்காக டீச்சர். இது கெடைக்கலன்னா பிள்ளையும் பன்னெண்டோட எங்ககூட வேன் ஏற வேண்டியதுதான். எனக்குத் தெரியாமலா இருக்கு? ஆனா தெனமும் காலம்பற அவுக ஒரு மருந்து செட்டுக்குள்ள போறாக, நா ஒரு செட்டுக்குள்ள போறேன். சாயந்தரம் வேன்ல ஏறையில அவுக தலையப் பாத்தாத்தான் எனக்கு மூச்சு வரும். நா எப்படி டீச்சர் நெத்திய அழிச்சுட்டுப் போய் உக்காருவேன்?”

கேட்டுவிட்டு நெற்றிப் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வந்தது, இந்த அம்மாமேல் வந்தது, கணக்கு டீச்சர்மேல் வந்தது, தக்காளி சாதம் போட்டவர்கள்மேல் வந்தது. வர வேண்டிய ஆளின்மேல் கடைசியாகத்தான் வந்தது.

அன்று மாலையே சிவகாசிக்குப் பேருந்து ஏறினேன். அறக்கட்டளை அலுவலகம் ஓர் அச்சகத்தின் மாடியில் இருக்கிறது. கீழே மெஷின் ஓடுகிற அதிர்வு படிக்கட்டிலேயே தெரியும். மேலாளர் அறுபதைத் தாண்டியவர், சட்டைப்பையில் ஒரு சிவப்பு மைப்பேனா. “வாங்க டீச்சர், உக்காருங்க” என்றார். நான் எந்தப் பள்ளி, எந்தப் பிள்ளை என்று சொல்லி, கடிதத்தில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது என்று ஆரம்பித்தேன்.

“அப்பா சாகல. அதானே?” என்றார்.

அவர் அலமாரியிலிருந்து ஒரு கட்டை எடுத்து மேஜையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். வெவ்வேறு பள்ளிகள், வெவ்வேறு முத்திரைகள். எட்டுக் கடிதங்களில் அப்பா வெடி விபத்தில் போயிருந்தார். இரண்டில் அம்மாவும் சேர்ந்து. ஐந்தில் கண்ணீர் படிக்கட்டாகியிருந்தது, எல்லாவற்றின் கீழும் சிவப்புக் கோடு.

“முப்பது வருசம் கீழ புரூஃப் பாத்த கண்ணு டீச்சர் இது. ஒரே மேட்டர் ரெண்டு தடவ வந்தா எனக்குத் தெரியாதா? இம்புட்டுப் பேரு செத்திருந்தா பேப்பர்ல வந்திருக்கும்லா? அந்தக் குடும்பங்களுக்கு நாங்களே போயி நின்னிருப்போம்லா?”

நான் மட்டுமல்ல என்று தெரிந்ததில் ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. அடுத்த நிமிடம் அதைவிட அசிங்கமாக இருந்தது. என் வகுப்பில் இருபதுக்கு மேல் பிள்ளைகள் ஒரே வரியை எழுதிக்கொண்டு வந்ததற்கு நான் ஆடிய ஆட்டம் என்ன? இங்கே வாத்தியார்கள் நாங்கள் ஒரே வரியை எழுதி, ஆளுக்கொரு முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறோம். இவர் பெரிய மனிதர், அதனால் கத்தாமல் கோடு மட்டும் போட்டிருக்கிறார்.

“மொதலாளி என்ன சொல்லிட்டாகன்னா, வெள்ளிக்கிழம வாரவுக இறப்புச் சான்றிதழ் கொண்டாரணும். இல்லாதவுக பேர எடுத்துருவோம். நாளைக்குப் போன் போட்டுச் சொல்லணும்.”

“பொய் எழுதுனது நான் சார். பிள்ளை பேர எதுக்கு எடுக்கணும்?” என் குரல் ஏறிவிட்டது. வகுப்பில் கத்துகிற குரல், அடக்கத் தெரியவில்லை. “அவ கேக்கவே இல்ல. அவ அப்பா அம்மாவும் கேக்கல. நான் வாசிக்காமக் கையெழுத்துப் போட்டேன்.”

“அத அப்படியே எழுதிக் குடுங்க” என்று ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார்.

எழுதினேன். இந்தப் பரிந்துரையை நான் எழுதவில்லை, கைபேசிச் செயலி எழுதியது, இரண்டாம் பக்கத்தை வாசிக்காமல் கையொப்பமிட்டேன், மாணவியின் தந்தை உயிரோடு இருக்கிறார். இருபத்திரண்டு வருடத்தில் பிள்ளைகளிடம் எத்தனையோ மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கியிருக்கிறேன். எழுதுவது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் வாசித்துவிட்டு, “சரி. இப்ப பிள்ளையப் பத்தி எழுதுங்க. ரெண்டு பக்கமெல்லாம் வேண்டாம், நாலு வரி போதும். அவளப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சது. அது சரியா இருந்தா நா மொதலாளிகிட்டப் பேசிக்கிடுதேன்” என்றார்.

பேனாவைப் பிடித்தேன். ‘ஒழுக்கமான மாணவி’ என்று எழுதினேன். ‘கடின உழைப்பாளி’ என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. இரண்டு வருடம் என் கண்ணெதிரே சுவரோரம் உட்கார்ந்திருந்த பிள்ளை. மதிப்பெண் தெரியும், வருகை நாள் தெரியும். ஏன் நர்ஸ் ஆக வேண்டும் என்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை. ஒரே ஒரு தடவை தன் வீட்டைப் பற்றி அவள் உண்மையாக எழுதினாள், அதற்கு நான் நாலு போட்டேன். மெஷினுக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, அது இட்டுக்கட்டியது. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை, நான் அதை நம்பிக்கொண்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலாளர் தாளை எட்டிப் பார்த்தார். “வீட்டு நம்பர் இருக்கா? கேட்டு எழுதுங்க, தப்பில்ல” என்றார்.

மணி ஆறரை. வேன் வந்து இறக்கிவிட்டிருக்கும். போன் போட்டு, மேலாளருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். ஓர் ஆண் குரல் எடுத்தது.

“டீச்சர் பேசுறேன். பிள்ளையப் பத்திக் கொஞ்சம் கேக்கணும், எழுதறதுக்கு. அவ ஏன் நர்சுக்குப் படிக்கணும்ங்கா?”

“அதுவா டீச்சர்? முந்துன வருசம் எனக்குக் கையில சுட்டுருச்சு. ஆசுபத்திரில நர்சம்மா கட்டு மாத்துறத நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. நாலாம் நாளு நானே மாத்துறேன்னுட்டா. ஒரு நாளு வலிக்கல டீச்சர், அப்படி ஒரு கை. இப்ப தெருவுல ஆருக்குச் சுட்டாலும் இவளத்தான் கூப்பிட்டு விடுதாக. போனவுடனே, ஆசுபத்திரிக்குப் போகாம என்னக் கூப்பிடுதீகளேன்னு வைவா, வைஞ்சுக்கிட்டே கூட்டிட்டுப் போவா. கோவம் ஜாஸ்தி. கணக்கு வராது, அழுவா. ஆனா எந்திரிக்க மாட்டா, போட்டு முடிச்சுட்டுத்தான் சோறு. கறிக்கொழம்பு நல்லா வைப்பா. அத எழுதாதீக.”

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். நாலு வரி என்றவர் அடுத்த தாளையும் நகர்த்தினார். அந்த மனிதர் நிறுத்தவே இல்லை, இத்தனை வருடமும் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவரைப்போலப் பேசினார். நடுவில் மேலாளர் போன் பக்கம் குனிந்தார்.

“நா டிரஸ்ட்லேர்ந்து பேசுதேன். நீங்க பிள்ளைக்கு என்ன வேணும்?”

பேச்சு நின்றது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், மேலாளர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு பெண் குரல், “சொல்லுங்க. சொல்லுங்களேன்” என்றது.

“அப்பா சார்” என்றார் அவர்.

மேலாளர் பிள்ளையின் படிவத்தை எடுத்தார். தந்தை பெயருக்குப் பக்கத்தில் என் கடிதத்தைப் பார்த்து அலுவலகத்தில் யாரோ ‘காலமானார்’ என்று அச்சடித்திருந்ததைச் சிவப்பு மையில் அடித்தார். “வெள்ளிக்கிழம மூணு பேரும் வாங்க. பிள்ளைய விடுதில சேக்கணும்னா அப்பா கையெழுத்து வேணும். அது இல்லாமச் சேக்க மாட்டோம்” என்றார்.

“எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் சார்” என்று அந்தக் குரல் சொன்னது.